கோடு இல்லாத பெட்டி

"பெரியப்பா என்ற பெயரில் ஐந்து பேர் உள்ளனர். ஐவரும் ஒரே நபரா? இணைக்கவா?" என்று கேட்டது, குடும்ப மரம் போட்டுக்கொண்டிருந்த கணினி.

எலக்ட்ரீஷியனுக்கு இணைப்பு என்றால் மறுக்கத் தெரியாது. "ஆம்" என்பதை அமுக்கிவிட்டார்.

கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து பெரியப்பாக்களும் ஒரே பெரியப்பா ஆனார்கள். அவருக்கு ஐந்து மனைவிகள், பத்தொன்பது பிள்ளைகள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது அக்கிரமம்?"

"எல்லாருக்கும் பெரியப்பான்னுதானே பேர் போட்டேன்..."

"அது ஒரு பேரா? அவங்களப் பெத்தவங்க வச்ச பேரப் போடுங்க."

அங்கேதான் சிக்கல். அந்தப் பேர் யாருக்குத் தெரியும்? இணைத்ததைப் பிரித்து, வீடு வீடாகப் போன் போட்டு, பேர்களைப் பிடிப்பதற்குள் மூன்று நாள் போய்விட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அன்றைக்குக் குடும்ப மரத்தைச் சுவரளவுக்கு அச்சடித்து மாட்டுவதாக எல்லாரிடமும் சவடால் விட்டிருந்தார்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கோடு வந்துவிட்டது. அந்த ஒன்று டார்ச் மாமா.

பட்டப்பகலில் விசேஷம் என்றாலும் டார்ச் லைட்டோடு வந்து நிற்பவர் அவர். முப்பது வருஷமாக இந்த வீட்டின் நல்லது கெட்டது எதையும் தவறவிட்டதில்லை. எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவரின் பெட்டி ஓரமாக அநாதை போல நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துத் தன் பெட்டியைத் தேடுவாரே மனுஷன்!

மாமாதானே என்று அம்மாவின் அண்ணனாகச் சேர்த்தார். "எச்சரிக்கை: அண்ணனுக்கும் தங்கைக்கும் நான்கு மாதமே இடைவெளி" என்றது கணினி. சொன்னதோடு விடாமல், குடும்பத்தில் உள்ள அத்தனை கைபேசிக்கும் செய்தியை அனுப்பியும் வைத்தது. நல்ல வேளை, டார்ச் மாமா வீட்டில் இன்னும் பழைய லேண்ட்லைன்தான்.

ஐந்தே நிமிஷத்தில் தாய்மாமன் அழைத்தார். "எங்கம்மாவப் பத்தி என்னடா எழுதி வச்சிருக்க?"

"அவரு உங்க அண்ணன் இல்லையா மாமா?"

"எனக்கு ஏதுடா அண்ணன்? நான்தான் மூத்தவன்! அவரு உங்கப்பா பக்கம். அத்தை வீட்டு வழியா இருக்கும்."

சரி, அத்தை வழி. எலக்ட்ரீஷியன் டார்ச் மாமாவைத் தூக்கி அத்தைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கோடு போட்டார். "உங்கள் அத்தைக்குத் திருமணம் நடந்துள்ளது. வாழ்த்துச் சொல்லுங்கள்" என்று மறுபடியும் எல்லாருக்கும் செய்தி பறந்தது. இரண்டு பேர் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து அழைத்தது அத்தையின் கணவர். "மாப்ள, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

"ஐயோ மாமா, தெரியாம நடந்துடுச்சு!"

"எனக்கும் தெரியாமதான் நடந்திருக்கு. உங்கத்தை ரெண்டு மணி நேரமா சிரிச்சுக்கிட்டே இருக்கா. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. அவரு உன் மாமனார் வீட்டு ஆளுய்யா, அங்க கேளு."

மனைவி தன் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எங்க பக்கம் இல்லையாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்னு நெனச்சுத்தான் நம்ம கல்யாணத்துல முன் வரிசையில உட்கார வச்சாங்களாம்."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படியானால் இந்த மனுஷன் யார்? இப்போது எலக்ட்ரீஷியனுக்கு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை.

"அவரையே கேட்டுடுங்களேன்."

"முப்பது வருஷம் வாய் நெறய மாமான்னு கூப்பிட்டுட்டு, நீங்க யாருன்னு எப்படிக் கேக்கறது? என் உடம்புல ஓடுறது அவரு ரத்தம்!"

மனைவி காத்திருக்கவில்லை. எண்ணை அழுத்திப் போனை அவர் காதில் வைத்துவிட்டாள். எடுத்தது டார்ச் மாமாவின் மனைவி.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? உங்க பக்கம் மழை உண்டா?"

"வெயில் மண்டையப் பொளக்குது தம்பி. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல... கம்ப்யூட்டர்ல குடும்ப மரம் போடறேன். அதுல மாமாவை... தப்பா நெனச்சுக்காதீங்க... எந்தக் கோட்டுல சேக்கறதுன்னு..."

முப்பது வருஷ உறவை ஒரே கேள்வியில் அறுத்துவிட்டோமே என்று எலக்ட்ரீஷியன் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா, நீங்களே கேட்டுட்டீங்க! எங்க பொண்ணும் போன மாசம் அதே மாதிரி மரம் போட்டா தம்பி, அதுல உங்க குடும்பம் மொத்தமும்தான் கோடு இல்லாம ஓரமா நிக்குது. நீங்கல்லாம் எங்களுக்கு யாரு?"