என் காப்பாளரான அக்காவுக்கு, சாப்பாட்டுத் திட்டம் குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும் தங்கள் முதுகும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கடிதம் நீண்டுவிடும் போலத் தோன்றுகிறது. தாங்கள் பாதியில் மடித்து வைத்துவிடாதபடி, உள்ளே இருப்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எனக்கு ஏன் ஒரு காப்பாளர் தேவைப்படுகிறார் என்பது.
2. சாப்பாட்டுத் திட்டங்களில் முழுத் திட்டமே எனக்கு ஏற்றது என்பது.
3. நான் மூன்று வேளையும் இங்கேயே சாப்பிட்டால் தங்களுக்கு நிம்மதி என்பது.
4. தாங்கள் கையெழுத்திட வேண்டிய இடம்.

இந்த வரிசை சரிதானா என்று எனக்கே ஐயம். நான்காவதை முதலில் வைத்திருக்கலாம். போகட்டும். ‘தாங்கள்’ என்று எழுதுவதும் கைக்கு வராமல் இழுக்கிறது. யாரோ மேலதிகாரிக்கு விடுப்புக் கேட்பது போல இருக்கிறது. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் காப்பாளர் சங்கதி. புது மாணவர்கள் எல்லோரும் முதல் வாரம் விடுதியில் தங்கி, உணவுக்கூடத்தில் சாப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகு ஏதாவது ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. அந்த விதிக்குப் பணிந்துதான் உணவுக்கூட அலுவலகத்து வரிசையில் நின்றேன். அங்கிருக்கும் அம்மாள் கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும். அதுவரை அதை அவர் மாட்டி நான் பார்த்ததில்லை. என் முறை வந்ததும் தலையை நிமிர்த்தாமலே, “பையன் வரலையா?” என்றார்.

“நான்தாங்க பையன்” என்றேன்.

“முதலாண்டா?”

“ஆமாங்க. வானியல்.” வானிலை அலுவலகத்தில் மேகங்களைப் பார்த்தே ஓய்வுபெற்றவன், அந்த மேகங்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்றும் சொல்ல நினைத்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் சொல்லவில்லை.

“முதலாண்டுன்னா காப்பாளர் கையெழுத்து வேணும். அப்பா, அம்மா?”

“இல்லைங்க.”

“வேற பெரியவங்க யாராச்சும்?”

“அக்கா இருக்காங்க.”

“உங்களுக்கே ஒரு அக்காவா?” என்று அப்போதுதான் அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆக, சட்டப்படி நீ என் காப்பாளர் ஆகிவிட்டாய். என் மனைவி போன பிறகு என்னை உன் வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்தே நீ அதுதான்.

இரண்டாவது, திட்டங்கள். முழுத் திட்டம் என்றால் விடுதி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும். பாதித் திட்டம் என்றால் மதியம் மட்டும். மூன்றாவதாக நெகிழ்வுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. அகராதி பார்த்தே பழகியவன் நான். நெகிழ்தல் என்றால் உருகுதல், இளகுதல். மெதுவாகக் கேட்டேன்: “இந்த நெகிழ்வுத் திட்டம்ங்கிறது, சட்டுனு மனசு நெகிழ்ந்து போறவங்களுக்குங்களா?”

“எந்த வேளை வேணுமோ அந்த வேளை இங்க சாப்பிடலாம். வேணாம்னா வீட்டுல சாப்பிடலாம். மிச்சமிருந்தா ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டு வரலாம். அவ்வளவுதான். நெகிழறதும் நெகிழாததும் உங்க இஷ்டம்” என்றார்.

அதை உடனே ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு வேளையும் இங்கேயா, அங்கேயா என்று முடிவெடுப்பது என்னால் ஆகிற காரியமா? எந்தச் சட்டை என்று நீ சொல்லாவிட்டால் கதவருகிலேயே நிற்பவன் நான்.

ஆனால் முழுத் திட்டத்தின் பக்கம் என் மனம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் வேறு. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. இந்த உணவுக்கூடத்தின் சன்னல்கள் தரையிலிருந்து கூரைவரை போகின்றன, காலை வெயில் அவற்றின் வழியே மேசைகளின் மேல் நீளநீளமாகப் படுத்துக்கொள்கிறது, அண்டாக்களிலிருந்து எழும் ஆவி அந்த வெயிலுக்குள் நுழைந்ததும் வெள்ளையாகி, பிரிந்து, மெல்ல மேலே போய்க் கூரையருகே ஒன்றும் இல்லாமல் ஆகிவிடுகிறது, கீழே இத்தனை பேர் பேசும் பேச்சும் தட்டுச் சத்தமும் தூரத்து மழைபோலக் கலந்து கேட்கிறது, எனக்கோ நான் உட்கார்ந்திருக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரிவதில்லை. ஒருநாள் சூப் அண்டாவின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் என் வகுப்புப் பெண் ஒருத்தி, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவள், எல்லோரும் அவளைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“தாத்தா, சூப் எங்கயும் ஓடிடாது. நகருங்க.”

“அந்த ஆவியைப் பாரும்மா. அசல் கீற்று மேகம். நாளைக்கு வானிலை மாறும்னு அர்த்தம்.”

அவள் பார்த்தாள். பிறகு அவளும் நகரவில்லை. “அப்போ நாளைக்குக் குடை எடுத்துட்டு வரணுமா?” என்றாள், கனவில் கேட்பவள்போல. வரிசை கதவு தாண்டிப் போய்விட்டது. பரிமாறுபவர் கரண்டியை அண்டாவில் தட்டி, “பெரியவரே, மேகத்தை ஊத்தட்டுமா, சூப்பை ஊத்தட்டுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது; நான் மன்னிப்புக் கேட்காமல் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

உன் சூப்பில் உப்பு இருப்பதில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. இங்குள்ள சூப்பில் உப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, உன் நிம்மதி. “உனக்கு ஆக்கிப் போட்டே என் முதுகு போச்சுடா” என்று நீ சொல்லாத நாளில்லை. “காலைச் சுத்திக்கிட்டே கிடக்காம எங்கயாவது போய்ப் படி” என்று என்னைக் கல்லூரிக்கு விரட்டியவளும் நீதான். இனி அந்தக் கஷ்டம் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் தையல் இயந்திரத்தை ஓரம் தள்ளி, வெட்டிய துணிகளை மடித்து, எனக்காகப் பாதி மேசையைக் காலிசெய்ய வேண்டியதில்லை. மேசை முழுவதும் உன்னுடையது. துணியை நீளமாக விரித்து வெட்டலாம். இதைவிட ஒரு தையற்காரிக்கு என்ன வேண்டும்?

நான்காவது, கையெழுத்து. இத்துடன் உள்ள தாளின் அடியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அதன் மேல் எழுதாதே, பக்கத்தில் எழுது.

மாடிப்படியில் விளக்குப் போட்டுக்கொண்டு ஏறு. மருந்தை மறக்காதே. தூரத்திலிருந்தே என் தலையில் ஒரு முறை கை வைத்ததாக நினைத்துக்கொள். அது போதும் எனக்கு.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
முதலாண்டு மாணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, நம் மாடியில் குடியிருக்கும் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கல்லூரி நிறுத்தத்துக்குப் போனேன். அவர் கதவுவழியே கையை நீட்டினார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்காங்க சார். மெஷின் சத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

“சாப்பிட்டாளா?”

“எங்க உட்கார்றாங்க? மேசை பூரா துணி. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சட்டியிலேருந்து ரெண்டு வாய், அவ்வளவுதான். கேட்டா, ‘ஒருத்திக்கு எதுக்குய்யா மேசை?’ங்கறாங்க.” பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. “கடுதாசியைக் குடுக்கறீங்களா, இல்லையா சார்?”

கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நேரே அலுவலகத்துக்கு நடந்தேன். “நெகிழ்வுத் திட்டம் வேணுங்க” என்றேன்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “என்ன, நெகிழ்ந்துட்டீங்களா?”

“ஆமாங்க.”

வேறொன்றும் கேட்காமல் புதுத் தாள் கொடுத்தார். உள்ளே வைத்திருக்கிறேன், பழையதைக் கிழித்துவிடு. பெருக்கல் குறி அதே இடத்தில்தான். காலையும் மதியமும் இங்கே மேகம் பார்ப்பேன், மாலைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மிச்சமாகும் வேளைகளில் ஒன்றுக்கு நீ விருந்தாளியாக வா; அந்தச் சன்னலோரம் உட்கார்ந்து உப்பு அதிகம் என்று குறை சொல். இன்றைக்கே வருகிறேன். நேரில் சொல்லத் தைரியம் போதாததால் கடிதம் எனக்கு முந்திய பஸ்ஸில் வருகிறது. பாதி மேசையைக் காலிசெய்து வை.

மேலே எழுதியவற்றுள் மற்ற மூன்றும் சரியா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. மூன்றாவது தவறு என்பதில் மட்டும் ஐயமே இல்லை, அக்கா.