மருமக என்னத்த அளக்குதா?

இன்னைக்கு ஆபீஸ்ல குடுத்த வேலை ரொம்பச் சின்னது. சாயங்கால மீட்டிங்குக்குள்ள ஒரு கிராஃப் அனுப்பணும்.

கம்ப்யூட்டர்ல ப்ராசசர்னு ஒண்ணு இருக்குல்லா, அது மெமரில எந்தத் தகவல் எங்கன கெடக்குன்னு விலாசம் பாத்துத்தான் எடுக்கும். அடிக்கடி தேவைப்படுத விலாசத்தை மட்டும் பக்கத்துலயே வச்சுக்கிடும். அந்தக் குட்டி இடத்துக்குப் பேரு டி.எல்.பி. அதுல எத்தனை விலாசம் பிடிக்கும், அதுக்கு மேல போனா எவ்வளவு தாமதமாகும்னு அளக்கணும். அவ்வளவுதான்!

குத்துக்கல்வலசைல எங்க வீட்டு ஹால்ல உக்காந்து புரோகிராமை ஓட்டினேன்.

கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறணும். வந்ததோ, மத்தாப்பு மாதிரி தெறிச்சுக் கெடக்கு!

"என்னம்மா, மொகம் வாடிக் கெடக்கு?"ன்னாவ மாமா. என் வீட்டுக்காரரோட அப்பா. கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவுக. சும்மா இருக்கவே மாட்டாவ.

நானாவது சும்மா இருந்திருக்கணும். "அளக்குதேன் மாமா. ஒரே நாய்ஸா இருக்கு"ன்னேன்.

அளவு கன்னாபின்னான்னு வந்தா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மாமா அதை வெளிச் சத்தம்னு நெனச்சுட்டாவ. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வெளிய போயிட்டாவ.

பக்கத்துல புது வீடு கட்டுதாவ. டைல்ஸ் வெட்டுத மெஷின் கிர்ர்ர்ருன்னு ஓடுது.

"ஏலே, நிப்பாட்டுலே! உள்ள மருமக அளந்துக்கிட்டிருக்கா!"

மெஷின் நின்னுட்டு. அடுத்த நிமிஷம் அந்த வீட்டு அண்ணாச்சி பதறியடிச்சு ஓடி வாராவ.

"ஏம்மா, எங்க மதிலு எங்க எடத்துக்குள்ளதான இருக்கு! சொல்லாம கொள்ளாம அளந்தா எப்படி?"

"ஐயோ அண்ணாச்சி, எடத்தை அளக்கல. கம்ப்யூட்டர்ல விலாசத்தை அளக்குதேன்."

"யாரு விலாசத்தை? எங்க விலாசத்தையா?"

நல்லா விளக்கிட்டேன் போங்க! உக்கார வச்சு கிராஃபைக் காட்டினா, "இதுல என் மதிலு எங்கனம்மா?"ங்காவ.

இந்த கேப்புல மாமா வீட்டுக்குள்ள வந்து, ஃபேன் சத்தம், ஃப்ரிட்ஜ் சத்தம் எதுவும் வேண்டாம்னு மெயினையே இறக்கிட்டாவ!

எனக்குத் தெரியல. சாரல் காத்து ஜன்னல் வழியா ஜிலுஜிலுன்னு அடிக்கு, ஃபேன் நின்னதை யாரு கண்டா? ஸ்கிரீன்ல தாமதம் சட்டுன்னு ரெண்டு மடங்கு ஏறிட்டு.

வந்துட்டு படிக்கட்டு! ஒண்ணும் புரியாமலே அண்ணாச்சியும் கைதட்டினாவ.

ஆனா இவ்வளவு தாமதம் ஆகப்படாதே! "இந்த ப்ராசசர்ல பெரிய கோளாறு இருக்கு"ன்னு மேனேஜருக்கு மெயில் அடிச்சேன். நெட் இல்ல. சாரலுக்குத்தான் போயிருக்கும்னு போன்ல இருந்து அனுப்பினேன். டீம் மொத்தத்துக்கும் காப்பி வேற!

மேனேஜர் உடனே கூப்பிட்டாரு. "சார்ஜர் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் சார்."

"கரண்டு இருக்கா?"

நிமிந்து ஃபேனைப் பாத்தேன். லேப்டாப் பேட்டரிக்கு மாறி, சார்ஜை மிச்சம் பிடிக்க மெதுவா ஓடுது. நான் கண்டுபிடிச்சது ப்ராசசர் கோளாறு இல்ல, மாமா கோளாறு!

மெயினைத் தூக்கிவிட்டு, "மாமா, ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம். அண்ணாச்சியையும் கூட்டிக்கிட்டுப் போயி குளிச்சிட்டு வாங்களேன்"ன்னேன்.

ரெண்டு பேரும் துண்டைத் தோள்ல போட்டு குத்தாலத்துக்கு பைக்ல கெளம்பிட்டாவ. டைல்ஸ் மெஷின் மறுபடி கத்துது. கத்தட்டும்! லேப்டாப்ல பின்னால ஓடிக்கிட்டிருந்த சமையல் வீடியோவை மட்டும் மூடினேன். மொதல்ல வந்த நாய்ஸுக்கு அதுதான் காரணம். அதை நான் யாருகிட்டயும் சொல்லல.

கிராஃப் படிப்படியா அழகா ஏறிட்டு.

மீட்டிங்ல மேனேஜர் கேட்டாரு, "இந்தத் தடவை என்ன சூழ்நிலைல அளந்தீங்க?"

"மாமா வீட்ல இல்லாத சூழ்நிலைல, சார்."