எண்பது சதவீதம் பூத்த பிறகு

மனிதர்களில் முன்ரசிகர் என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், இருக்காது. வேறு யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்தேன். இந்த இனத்தைச் சேர்ந்தவருக்கு எந்தச் சுகத்தையும் அது வருகிற நாளில் அனுபவிக்கத் தெரியாது. வருவதற்கு ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து, புத்தகம் வாங்கி, படம் பார்த்து, அடிக்கோடு போட்டு, பத்துப் பேரிடம் சொல்லி, முழுசாக அனுபவித்துத் தீர்த்துவிடுவார். பிறகு அந்தச் சுகம் நிஜமாகவே வாசலில் வந்து நிற்கும்போது, அசலா போலியா என்று அதை ஏற இறங்கப் பார்ப்பார். உங்களுக்குத் தெரிந்தவர்தான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டும் இருக்கலாம்; பாவம் நீங்கள்.

ஊரெல்லாம் தேட வேண்டாம், நமக்கு ஒருவர் போதும். நம் ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது; யாருக்கு எது மங்கலாகத் தெரிகிறது என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது அந்தப் பிரிவு. ஜன்னல் கிடையாது. காலையிலிருந்து மாலை வரை நீராவி, இயந்திரங்களின் உறுமல், மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஆள் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

முதலில் சமையலறை. டப்பாக்கள் இருக்க வேண்டிய அலமாரியில் ஆரோக்கியச் சமையல் புத்தகங்கள் முப்பத்தொன்று நிற்கின்றன: எண்ணெய் இல்லாமல் சமைப்பது, உப்பைக் குறைத்துச் சமைப்பது, இதயத்துக்காகச் சமைப்பது, முழங்காலுக்காகச் சமைப்பது, அடுப்பே இல்லாமல் சமைப்பது. ஒன்றிலாவது ஒரு சொட்டுக் கறை உண்டா? கிடையாது. கறைபடாத சமையல் புத்தகம் என்றால் அதற்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி காய்கறி சூப்பும் ரொட்டியும் வைப்பார். இவர் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக உட்காருவார்.

"இந்தக் கீரை சாலட்டைப் பாரு. மேல வறுத்த பூசணி விதை தூவியிருக்காங்க. என்ன அழகா இருக்கு."

"விதை டப்பால இருக்கு. எடுத்துத் தூவிக்குங்க."

"எதுல?"

"சூப்புலதான்."

"சூப்புக்கு இது இல்ல. அதுக்கு வேற விதை, வேற பக்கத்துல போட்டிருக்கான். இரு, எடுக்கிறேன்."

அந்தப் பக்கம் கிடைப்பதற்குள் சூப் ஆறிவிடும். ஆறியதைக் குடித்துவிட்டு, இன்று சத்துள்ள சாப்பாடு சாப்பிட்டோம் என்ற நிறைவோடு எழுந்திருப்பார். உடம்பு இளைக்கவில்லையே என்று மட்டும் அவருக்கு ஒரு குறை. படித்ததெல்லாம் எங்கேதான் போகிறதோ.

அடுத்தது நாடக அரங்கம். ஆட்டமும் பாட்டுமாக மூன்று மணி நேரம் ஓடுகிற இசை நாடகம் என்றால் நம் ஆளுக்கு உயிர். டிக்கெட் வாங்கிய அன்றே பாட்டுகள் அடங்கிய ரெக்கார்டையும் வாங்கிவிடுவார். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் பின்னால் நின்று இரண்டாம் அங்கத்துப் பாட்டை முனகிக்கொண்டிருப்பார். நாடக நாள் வரும். விளக்கு அணையும். கதாநாயகி ஒரு கடிதத்தோடு மேடையின் விளிம்புக்கு வந்து நிற்பாள். ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த நேரம் பார்த்து நம் ஆள் மனைவியின் காதில் கிசுகிசுப்பார். கிசுகிசுப்பு என்று அவர்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாலு வரிசைக்குக் கேட்கும்.

"இப்ப கிழிச்சிடுவா பாரு. கிழிச்சிட்டு ஒரு நிமிஷம் பேசாம நிப்பா. அப்புறம்தான் அந்தச் சோகப் பாட்டு."

முன்வரிசையில் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்த ஓர் அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. நாங்க இன்னும் அழவே ஆரம்பிக்கல."

இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே? பாடகி கடைசிச் சுரத்தை இழுத்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரெக்கார்டில் இன்னும் நாலு விநாடி அதிகமாம். மனைவி இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: காலை நீட்ட வேண்டும் என்று சொல்லி, இடைவேளைக்குப் பிறகு கடைசி வரிசையில் காலி இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் அங்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமலேயே நாடகம் பார்க்கிற பாக்கியம் அவருக்கு அப்படித்தான் வாய்த்தது.

இதெல்லாம் சில்லறை. வசந்த காலப் பயணத்துக்கு வருவோம், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "வசந்தத்துல ஒரு வாரம் எங்கயாவது பூத்த மரத்தடியில போய் உக்காரணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்." அவ்வளவுதான் சொன்னார். நம் ஆள் பிடித்துக்கொண்டார். ஏழு பயணப் புத்தகங்கள் வந்தன. சுவரில் வரைபடம் ஏறியது. ரயிலில் ஐந்து மணி நேரத்தில் ஓர் ஊர், ஆற்றங்கரை நெடுக மரங்கள், வசந்தத்தில் இரண்டே வாரம் வெள்ளை வெளேரென்று பூக்கும் என்று கண்டுபிடித்தார். முதல் வருடம் மழை வரும் என்றார்கள். போகவில்லை, மழையும் வரவில்லை. இரண்டாம் வருடம், புத்தகத்தின் புதிய பதிப்பு கோடையில் வருகிறது என்று தெரிந்தது. பழைய பதிப்பை நம்பி ரயில் ஏறுவதா? மூன்றாம் வருடம் எல்லாம் கூடிவந்தபோது, மரங்கள் இவரைக் கேட்காமல் முன்னதாகவே பூத்து உதிர்ந்துவிட்டன. மரங்களின் மேல் அவருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் இந்த வருடம் ஏமாறுவதாக இல்லை. ஆற்றங்கரை விடுதியின் வரவேற்பாளருக்குத் தினம் காலையில் போன்.

"கண்ணாடிக் கடையிலேருந்து பேசறேன். இன்னைக்கு எவ்வளவு?"

"ஒரு முப்பது சதவீதம் விரிஞ்சிருக்கும் சார்."

"நேத்தும் முப்பதுதானே சொன்னீங்க?"

"நேத்து குளிர் சார். மொட்டெல்லாம் யோசிக்குது."

"எந்த மரத்தைப் பார்த்துச் சொல்றீங்க? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

தலை நரைத்த அந்த மனிதர் போனைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுவார். எண்பது சதவீதம் என்பது நம் ஆளின் கணக்கு. அதற்குக் கீழே என்றால் வெறும் மொட்டு. மேலே போனால் உதிர ஆரம்பித்துவிடும். எண்பதில் போய் நிற்க வேண்டும். நின்றால் அதுதான் வசந்தம். மற்றதெல்லாம் வெறும் குளிர் குறைந்த நாட்கள்.

ஒரு வியாழக்கிழமை மனைவி விடுப்புத் தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"திங்கட்கிழமை கிளம்பணும். ஒரு வாரம் லீவு. இதை விட்டா குளிர்காலம் வரைக்கும் கிடையாது."

"திங்கட்கிழமையா? அன்னைக்கு நாப்பதைத் தாண்டாதே. ஒன்பது நாள் தள்ளிப் போடு."

"முடியாது. என் இடத்துல நிக்க அந்த வாரம்தான் ஆள் இருக்கு."

"மொட்டைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போறது?"

மனைவி விடுப்புத் தாளை இவர் பக்கம் நகர்த்தினார்.

"நாலு வருஷமா அந்த ஆவிக்குள்ள நின்னுக்கிட்டு அந்த ஆத்தங்கரையைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு மொட்டே போதும். தங்கச்சியும் வர்றா. காலைல ஒன்பது மணி ரயில். நீங்க வந்தா சந்தோஷப்படுவேன். வரலைன்னா நான் போயிட்டு வரேன்."

நியாயமாகச் சொல்ல வேண்டும், நம் ஆள் பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கினார். இரண்டு சட்டைகூட மடித்து வைத்தார். பிறகு விடுதிக்குப் போன் செய்தார். முப்பத்திரண்டு என்றார்கள். சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின. முதல் பார்வை என்பது ஒருமுறைதான் கிடைக்கும், அதை முப்பத்திரண்டில் போய்ச் செலவழிப்பதா? திங்கட்கிழமை ரயில் நிலையத்துக்கு வந்து, எந்தப் பெஞ்சில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிய தாளை ஜன்னல் வழியே நீட்டினார். மைத்துனி அதை வாங்கிப் படித்தாள்.

"அத்தான், எப்ப கொட்டாவி விடணும்னு எழுதலையே?"

ரயில் கிளம்பியபோது மனைவி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து மனைவி திரும்பிவந்து வேலைக்குப் போனார். அதற்கடுத்த புதன்கிழமை வரவேற்பாளர் எண்பது என்றார். கடைக்குப் பூட்டு, நம் ஆள் முதல் ரயிலில் பறந்தார். சொன்னால் நம்ப வேண்டும், அத்தனையும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. ஆறு, பாலம், இரண்டு கரையிலும் வெள்ளை வெளேரென்று மரங்கள். படத்தைப் பிரித்து வைத்துச் சரிபார்த்தார். ஒரு குறை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு வருடமாகப் பார்த்து முடித்துவிட்டதை இன்னும் எத்தனை நேரம் பார்ப்பது? மனைவிக்குப் போன் செய்தார்.

"எண்பது. சரியா எண்பது. உன்னை நினைச்சாத்தான் வருத்தமா இருக்கு. நீ இதைப் பார்க்கவே இல்லையே."

"பரவாயில்லைங்க. நாங்க அது விரியறதைப் பார்த்தோம்."

"எதை?"

"பாலத்துக்கிட்ட ஒரு சின்ன மரம். நாலு நாள் மூடிக்கிட்டே கிடந்துச்சு. நாங்களும் தினம் அதுக்கடியிலயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். அஞ்சாம் நாள் வெயில் வந்துச்சு. காலைல மொட்டா இருந்த கிளை மத்தியானத்துக்குள்ள முழுக்க வெள்ளையாயிடுச்சு, எங்க கண்ணு முன்னாடியே. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா." பின்னால் இயந்திரம் உறுமியது. "சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது, வச்சிடறேன். மெதுவா வாங்க."

நம் ஆள் பிரித்து வைத்திருந்த புத்தகத்தை மூடினார். ஏழு புத்தகத்திலும் இது இல்லையே. நீங்களும் இருந்திருக்கலாம் என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சொல்லவில்லை. வெகுநேரம் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார், எதையும் சரிபார்க்காமல்.

சரி, திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? எழுந்து நேரே வரவேற்பாளரிடம் போனார்.

"அடுத்த வருஷம் மொட்டு விரியற நாளையும் நேரத்தையும் முன்னாடியே கொஞ்சம் விசாரிச்சுச் சொல்ல முடியுமா? அதுக்கு ஏத்த மாதிரி எங்க ரெண்டு பேருக்கும் ரூம் போட்டுடலாம்."

"அம்மா இங்கேருந்து கிளம்பறப்பவே அடுத்த வருஷத்துக்கு ரூம் சொல்லிட்டுப் போயிட்டாங்க சார். தேதி கேட்டேன். லீவு என்னைக்குக் கிடைக்குதோ அன்னைக்குன்னாங்க. ரெண்டு பேருக்குத்தான்."

"நல்லதாப் போச்சு. அவளும் நானும்."

வரவேற்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பதிவேட்டை இவர் பக்கம் திருப்பினார்.

"இதுல அம்மா பேரும் அவங்க தங்கச்சி பேரும்தான் இருக்கு சார்."

அவர் கதை அங்கே முடிந்தது. சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பத்தியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னதான் ஆகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று நேரே இந்த வரிகளுக்குத் தாவி வந்திருக்கிற ஒருவர் உங்களில் இருக்கிறார், எனக்குத் தெரியும். வாருங்கள், உட்காருங்கள். இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.