ஏழு நாள் நனையணும்

ஒரு சட்டி வெள்ளை சிமெண்டை வைத்துக்கொண்டு பழனி முருகனிடமிருந்து என் தலைமுடியைக் காப்பாற்றிவிடுவது என்று அன்று காலை தீர்மானித்தேன்.

முடி என்றால் சாதாரண முடி இல்லை. எனக்கு ஐம்பத்தோரு வயது. எங்கள் பரம்பரையில் நாற்பதைத் தாண்டியும் சீப்பு வாங்கிய ஆண்மகன் நான் ஒருவன்தான். அடுத்த மாதம் கொடைக்கானலில் பள்ளித் தோழர்கள் சந்திப்பு. முப்பத்திரண்டு பேர். வாட்ஸ்அப் படங்களில் மற்ற முப்பத்தோரு தலையும் பளபளக்கிறது. நான் தலையைக் கோதிக்கொண்டே உள்ளே நுழையப்போகிற அந்த நிமிஷத்தை இரண்டு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வருகிறேன்.

இந்த நேரம் பார்த்து என் மனைவி ஜோதிமணி நேர்த்திக்கடனைக் கிளப்பினாள். போன வருஷம் சிறுநீரகக் கல்லோடு நான் துடித்தபோது வேண்டிக்கொண்டாளாம். கல் இறங்கினால் மொட்டை.

"வேண்டிக்கிட்டது நீ. மொட்டை எனக்கா?"

"கல்லு யாருக்குங்க இருந்துச்சு?"

"உன் முடியைக் குடுக்கிறேன்னு வேண்டியிருக்கலாம்ல?"

"உங்க கல்லுக்கு நான் எதுக்குங்க மொட்டை போடணும்? செவ்வாக்கெழம வெள்ளனே கெளம்புறோம். சிவமுருகன்னு பேர வச்சுக்கிட்டு முருகனுக்கே டிமிக்கி குடுக்காதீங்க."

திங்கட்கிழமை எனக்கு வழி பிறந்தது. பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்து நடுவில் நாங்கள் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அதில் நாலடி ஆழத்துக்கு ஒரு நீச்சல் குளம். தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு தூக்கிக்கொண்டு நின்றதால் தண்ணீரை வடித்துவிட்டிருந்தோம். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள் ஜோதிமணி. என் கையாலேயே பூசுவேன் என்று இறங்கிவிட்டேன்.

அவள் குளத்து விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். நான் சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக் காட்டினேன்.

"'டக்'குன்னு கேட்டா கெட்டி. 'டொம்'முன்னு கேட்டா உள்ள ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அதப் பூரா பேத்து எடுக்கணும்."

"அப்பிடியாங்க?"

பேர்த்தேன். தட்டு அகலம் தாம்பாளமானது. கூட்டி, நனைத்து, சிமெண்டைக் குழைத்து அப்பி, கரண்டியால் இழுத்துவிட்டேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"முடிஞ்சுச்சா? காலையில கெளம்பிறலாம்ல?"

"எங்க கெளம்புறது? ஏழு நாள் நனையணும். காய விட்டா வெடிச்சிரும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவ தண்ணி தெளிக்கணும்."

"பக்கத்து வீட்டுப் பொன்னுவேல் அண்ணன் தெளிக்க மாட்டாரா?"

"அவரு வாளியோட கவுத்துருவாரு. பூச்சு கரைஞ்சு போகும். இது நானே பாக்க வேண்டிய சோலி."

"காயவே விடக் கூடாதோ?"

"கூடவே கூடாது. தண்ணிக்குள்ளயே கெடந்தா இன்னும் கெட்டியாகும். அதான் சிமெண்டோட குணம்." வாத்தியார் தோரணையில் சொன்னேன்.

"செரிங்க. கொளம்தான் முக்கியம். சாமி எங்க போயிறப் போறாரு?"

இருபத்து நாலு வருஷ இல்லறத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ கண்ணாடி முன்னால் போய் நின்று, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று வகிடு எடுத்து ரசித்தேன்.

மறுநாள் காலை தெளிப்பதற்குச் சொம்போடு போனேன். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குழாய் வாயில் ஒரு சாக்கைக் கட்டி, அலுங்காமல் இறங்கும்படி தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். அடியில் என் பூச்சு ஒரு சிராய்ப்பில்லாமல் சுகமாகக் கிடந்தது.

"என்னடி இது?"

"நீங்க சொன்னதுதாங்க. தண்ணிக்குள்ளயே கெடக்கட்டும். ஏழு நாளும் நனையும், ஆளே வேணாம். வெரசா வாங்க, ஜீப்பு வந்துருச்சு."

அவள் பட்டுப்புடவையில் இருந்தாள். என் வேட்டியும் துண்டும் அவள் பையில் ஏற்கெனவே ஏறியிருந்தன. சிமெண்டின் குணத்தை எதற்காக அவ்வளவு விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன் என்று மலை இறங்கும் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

பழனியில் நாவிதர் என் தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"நல்லா நனையணும் சார். அப்பத்தான் சுளுவா வரும்."

வந்தது. மொத்தமும் வந்தது. கண்ணாடியில் முப்பத்திரண்டாவது தலை பளபளத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்தனம் பூச வந்த ஜோதிமணி விரலை மடக்கி என் மண்டையில் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க, இங்கயும் 'டொம்'முன்னுதாங்க கேக்குது."