குளிப்பாட்டிய மரம்

கோயில் வாசல் செர்ரி மரம் பளபளவென்று இருந்தது. ஹிரானுமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"குளிப்பாட்டிட்டோம்!" என்றார் தெருச் சங்கத் தலைவி குசுமொத்தோ அம்மாள். அவருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய ஐந்து பெண்கள், கையில் ஆளுக்கொரு பிரஷ்ஷுடன் நின்றார்கள். "டோக்கியோலேர்ந்து புரொபசர் அம்மா வர்றாங்கன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? விருந்தாளி வர்ற நேரத்துல மரமெல்லாம் பாசி. பாத்தா நம்ம தெருவைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அந்தப் பாசியைப் பாக்கத்தாம்மா அவங்க வர்றாங்க!"

ஆறு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. மூடத்தான் மறந்துவிட்டன.

ஹிரானுமா நகர அலுவலகத்தில் சாலைப் பிரிவு எழுத்தர். சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை அடுத்த வாரம் வெட்டலாம் என்ற உத்தரவில் முத்திரை குத்தியதே அவர்தான். குத்திவிட்டு வந்து, வழக்கம்போல அதே மரத்தடியில் உட்கார்ந்து சோற்று உருண்டையைக் கடித்தபோதுதான் கண்ணுக்கு நேராக அந்தப் பாசி தெரிந்தது. மனுஷர் பாசிப் பைத்தியம். தெற்கே மலைக்காட்டு மரங்களில் மட்டும் வாழும் அபூர்வ இனம் அது; இந்த வடக்குச் சீமையில் யாரும் கண்டதில்லை. ஒரு சிட்டிகை கிள்ளிப் பேராசிரியர் இசோபேவுக்கு அனுப்பினார். "இனம் அதேதான். மரத்துல இருக்கறதை என் கண்ணால பாத்துட்டா எழுதித் தர்றேன்" என்று பதில் வந்தது. அவர் எழுதித் தந்தால் சாலை வளைந்து போகும், மரம் பிழைக்கும்.

"தேய்ச்சு எடுத்தது எங்கே?"

"குப்பைப் பையில."

"பை எங்கே?"

பாட்டுப் பாடியபடி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது குப்பை வண்டி. ஹிரானுமா துரத்தினார். ஒரு செருப்பு போனதுதான் மிச்சம்.

கிள்ளியதில் பாதியை உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார். ஆனால் எதை வைத்து ஒட்டுவது? சாப்பாட்டு டப்பாவிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கினார்.

எதிர்க்கடையில் டோஃபு என்ற சோயாக்கட்டி விற்கும் செனோ எட்டிப் பார்த்தார். மரத்து நிழலில்தான் அவருடைய கடை பெஞ்சுகள் கிடந்தன. "சோத்துப் பருக்கை நிக்காது சார். மாவைக் காய்ச்சிப் பசையாக்கினாத்தான் பட்டையில பிடிக்கும்."

"உங்ககிட்ட நான் யோசனை கேட்டேனா?"

செனோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்து மணி ரயிலில் இசோபே வந்து சேர்ந்தார். குள்ளமான அம்மாள், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. மரத்தருகே குனிந்தவர் அப்படியே நின்றார்.

"வெள்ளையா இதென்ன? பூஞ்சையா? இந்தப் பாசியோட பூஞ்சை சேர்ந்து வாழறதை இதுவரைக்கும் யாருமே பாத்ததில்லையே!"

இடுக்கி வெளியே வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஹிரானுமா அந்த வெள்ளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

இசோபேவுக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்க."

"எப்படி இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

பிடிமானம் வயிற்றுக்குள் போனதால் பாசி பொத்தென்று கீழே விழுந்தது. அதற்கு மேல் என்ன மறைப்பது? ஹிரானுமா இடுப்பு வரை குனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"ஒட்டி வெச்சதைப் பாத்துட்டு நான் எப்படிங்க எழுதித் தர முடியும்?" என்றார் இசோபே, அதிர்ச்சி தீராமல்.

ஹிரானுமா முத்திரை குத்திய கையை நொந்து பார்த்துக்கொண்டார்.

குசுமொத்தோ அம்மாள் முன்னால் வந்து, அவரைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிந்தார். "தப்பு எங்களோடதுங்க. செஞ்ச வேலையையும் ஒழுங்கா முடிக்கலை. கை எட்டின வரைக்கும்தான் தேய்ச்சோம். மேலயெல்லாம் அழுக்கு அப்படியே கிடக்கு. வெக்கமா இருக்கு, மன்னிச்சிடுங்க."

இசோபே சட்டென்று நிமிர்ந்தார். "மேல தேய்க்கலையா? ஏணி! ஏணி கொண்டு வாங்க!"

செனோ கடை ஏணியைத் தூக்கி வந்தார். "பிடிச்சுக்கறேன். என்னை ஏற மட்டும் சொல்லாதீங்க. முக்காலியில நின்னாலே எனக்குத் தலை சுத்தும்."

இசோபே ஏறினார், கிளைக்குள் தலையை விட்டார்.

"இருக்கு!" என்று மேலிருந்து ஒரு கத்தல். "கிளை பூரா மெத்தை மாதிரி அதே பாசி! பத்து வருஷமாவது இங்கேயே வளர்ந்திருக்கணும்! எழுதித் தர்றேன், இன்னிக்கே எழுதித் தர்றேன்!"

பெண்கள் கை தட்டினார்கள். குசுமொத்தோ அம்மாள், நல்லவேளை அரைகுறையாகத் தேய்த்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஹிரானுமா தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"யாரது ஏணியை ஆட்டறது?" என்று இசோபே அதட்டினார்.

ஹிரானுமா திரும்பிப் பார்த்தார். ஏணியைப் பிடித்திருந்த செனோவின் கைகள் வெடவெடவென்று நடுங்கின. முகம் அவர் கடை டோஃபுவைப் போல வெளுத்திருந்தது.

"என்ன செனோ, நல்ல சேதிதானே?"

செனோ அவர் காதருகே குனிந்தார்.

"அவ்வளவு உயரத்துல எப்படி சார் வந்துச்சு? தெக்கே மாமியார் ஊர் மலையிலேர்ந்து கொண்டாந்த பாசியை, நீங்க சாப்பிட உக்கார்ற எடமாப் பாத்து, கை எட்டற வரைக்கும்தானே ஒட்டினேன்!"