நாம்பனின் கால் அளந்த மாப்பிள்ளை

படித்ததை உடனே யாரிடமாவது ஒப்புவிக்காவிட்டால் எனக்கு அந்த வயதில் சோறு இறங்காது. அந்த வியாதியால்தான் பூரணத்தை இழந்தேன்.

எனக்கு வயது முப்பதுகளின் நடுப்பகுதி. பள்ளிக்கூடமொன்றில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணையுடன் கரவெட்டிக்குப் பூரணத்தைப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் வண்டில் சவாரிப் பைத்தியம். பலகாரத்துக்கு முன்பே எங்களை மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், மறுநாள் ஓடப்போகும் நாம்பன் காளையைக் காட்டினார்.

"தம்பி, எப்பிடி எங்கடை நாம்பன்?"

'நல்ல நாம்பன்' என்றால் காரியம் முடிந்திருக்கும். மற்றவர்கள் சுழி பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். நான் அளவு நாடாவை எடுத்து முன்னங்காலைச் சுற்றி அளந்தேன். (பெண் பார்க்கப் போகிறவனுக்கு அளவு நாடா எதற்கு என்று கேட்காதீர்கள்.)

"ஐயா, ஒரு பூனை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு வளர்ந்தால் பாரம் எட்டு மடங்காகும். எலும்பு நாலு மடங்குதான் தாங்கும். அதாலை பெரிய மிருகத்துக்கு எலும்பு இன்னும் தடிப்பாய் இருக்கவேணும். உங்கடை நாம்பனுக்குக் கால் தடிப்புக் காணாது. முறிஞ்சுபோம்."

சவாரிக்கு முதல்நாள், மாட்டைத் தொட்டுக்கொண்டு, 'முறிஞ்சுபோம்'! அண்ணை என் காலை மிதித்தார். பெரியவரின் முகம் கறுத்துவிட்டது.

அப்போது குசினி யன்னலுக்குள்ளிருந்து பூரணத்தின் குரல் கேட்டது.

"பூனை காலை மடக்கிக்கொண்டெல்லோ நிக்குது. மாடு நிமிர்த்தித்தானே நிக்குது? நிமிர்ந்து நிண்டால் மெல்லிய காலும் தாங்கும்தானே?"

இரண்டு பெரிய கண்கள் மட்டும் தெரிந்தன. கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் வாய் சும்மா இருந்ததா?

"அப்பிடிப் புத்தகத்திலை இல்லை" என்றேன். யன்னல் மூடிக்கொண்டது.

மறுநாள் நாம்பன் பாதி வழியில் நொண்டியது. காலில் ஒரு முள், அவ்வளவுதான். ஆனால் "மாப்பிள்ளையின்ரை நாவூறு" என்று ஊர் முழுக்கப் பேச்சு. தகப்பனார் நாம்பனுக்குச் செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். என் சாதகத்தைத் திருப்பி அனுப்பினார். அண்ணையைக் கெஞ்சி இரண்டு தரம் தூது விட்டேன். "உவன் இந்தப் படலைக்குள்ளை கால் வைக்கக் கூடாது" என்பதுதான் பதில். அடுத்த ஆவணியில் அவளுக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது.

அதற்குப் பிறகு நாய், ஆடு, மாடு எதைக் கண்டாலும் நின்று முழங்காலைப் பார்ப்பேன். அவள் சொன்னது சரிதான். அதை அவளிடம் சொல்லத்தான் வழியில்லை. அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை.

இப்போது நான் எதைப் பற்றியாவது கருத்துச் சொல்ல வாய் திறந்தால், "அப்பா, முறிஞ்சுபோம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ" என்று சின்ன மகள் கத்துவாள். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அன்றைக்கு அந்த யன்னலைப் பார்த்து ஒரு "ஓம், சரிதான்" சொல்லியிருக்கலாம்.