காரின் அடியில் இரண்டு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இதை எழுதத் தொடங்கும் இந்த நிமிடம் வரை இங்கே எல்லாரும் நலம். முடிப்பதற்குள் நிலவரம் மாறினால் கடைசியில் தெரிவிக்கிறேன். உங்கள் வீட்டுக் கார் நான்கு சக்கரத்தோடு தரையில் நிற்கிறது; நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். போனில் பேசினால் இங்குள்ள இரண்டு பேர் காதிலும் விழும், அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கீழே போய், நீ எங்களுக்குக் கொடுத்த அந்த இரண்டு சீட்டுக் காரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். பின்பக்கத்தை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆடவில்லை. படியேறும்போதுதான் தோன்றியது, ஆடாமல் நின்றதை நானே தள்ளி இளக்கிவிட்டிருந்தால்? திரும்ப இறங்கிப் போய், இளகவில்லையே என்று மறுபடியும் தள்ளிப் பார்த்தேன். என் நிலைமை இதுதான்.

பின்சக்கரங்களுக்கு நடுவே ஏதோ ஊளையிடுகிறது, திருப்பத்தில் கடகடக்கிறது என்று உன் அத்தான் சொன்னபோது, டிஃபரன்ஷியல் தேய்ந்துவிட்டது, வேறொன்று அனுப்புகிறேன், வீட்டிலேயே மாற்றிவிடலாம், ஒரு பகல் வேலை என்று சொன்னது நீதான். உன் அத்தான் இயற்பியல் வாத்தியார் என்பதை மறந்துவிட்டாய். அவருக்கு அந்தச் சாமானைப் பற்றி எல்லாம் தெரியும், தொட்டதுதான் கிடையாது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளை உருட்டி, கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும், இரண்டையும் அதனதன் வேகத்தில் விடுவதுதான் டிஃபரன்ஷியல் என்று எனக்கு விளக்கினார். ஒரு தட்டு உடைந்தது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் விஷயம்தான் உனக்குத் தெரியாது. இயந்திரப் பொறியியல் முடித்து, தொலைவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, சந்தோஷம் என்று சொல்ல வேண்டிய மனுஷன், "ஒரு மாசம் தாங்க மாட்டே" என்றார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை அவள் கிளம்புகிறாள். இப்படியே போய்விட்டால் என்னோடு மட்டும் போனில் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதை இங்கே வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போன ஞாயிறு அவர் காரின் அடியில் புகுந்தார். கழற்ற வேண்டிய போல்ட்டை மும்முரமாக இறுக்கிக்கொண்டிருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்த மகளுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து அவளும் புகுந்துவிட்டாள். பேசாமல்தான். ஒரு சாண் இடைவெளியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அப்பாவிடமிருந்து பதினாலாம் நம்பர் ஸ்பேனரை வாங்கிக் கொடு என்று என்னைக் கேட்பாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல் என்பார் அவர். வெளியே குந்தியிருக்கும் நான் இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்து, அங்கே கேட்டதை இங்கே சொல்லி, இங்கே கேட்டதை அங்கே சொல்லி, தொண்டை கட்டிப்போய், பழைய ஆயில் அவர் சட்டையில் கொட்டி, அழுகின முட்டை நாற்றத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் சாத்திக்கொண்டு, அந்தக் கனத்த இரும்பை அவர்கள் ஜாக்கியில் இறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு நின்று, இப்படியே தினமும் சாயங்காலம் போயிற்று.

நேற்றுத்தான் தலையில் இடி. புதியதைத் தூக்கி மாட்டுவதற்கு முன்பே, ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மாட்டிய பிறகு அங்கே கையை வைத்து நெம்ப இடம் இருக்காதாம். மூடி இருந்தது அவர் பக்கம். திறந்து பார்க்கச் சொல் என்று மகள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதே நேரம் மேலே பால் தீய்கிற வாசனை. நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தால், புதியது மேலே ஏறி, எல்லா போல்ட்டும் இறுகி, மூடி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் இதுவும் போய்விடுமாம்.

"நான்தான் முன்னாடியே சொன்னேனே."

"எங்கிட்ட யாரும் சொல்லலை."

"உங்க காது என் வாய்க்குப் பக்கத்துலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீ உங்கம்மாவுக்கில்ல சொல்லிட்டிருந்தே."

அவள் எழுந்து போய்விட்டாள். மாதக்கணக்கில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது இவ்வளவுதான், அதுவும் என்னால் வந்த சண்டை.

ஆகவே, அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை நீ உன் பெரிய காரோடு வந்துவிடு. மூடியை நீ பார்த்துக்கொள். திங்களன்று என்னையும் மகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிடு. அத்தான் வீட்டிலேயே இருக்கட்டும். அவர்கள் இருவரையும் அவ்வளவு தூரம் ஒரே வண்டியில் வைக்க எனக்குத் தைரியமில்லை.

உன் வீட்டில் எல்லாருடைய கைவிரல்களும் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் முத்தம். அவர்களுக்கு விளையாடக்கூட ஸ்பேனர் வாங்கித் தராதே.

கவலையோடு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கீழே டமாரென்று சத்தம். செருப்பில்லாமல் ஓடினேன். விழுந்தது ஒரு இரும்புக் குழாய்தான். சைலன்சரை மறுபடி கழற்றி வழி பண்ணி, பிடி நீளமானால் பலம் கூடும் என்று ஸ்பேனரில் குழாயைச் செருகியது அவர் யோசனை. அழுத்தியது அவள் கை. மூடி திறந்துவிட்டது. ஆயில் ஊற்றி, தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார்கள். ஊளை இல்லை. மேலே வந்து கை கழுவும்போது மகள், "திங்கட்கிழமை நாம பஸ்லதானேம்மா போறோம்?" என்று கூடத்துக்கே கேட்கும்படி என்னிடம் கேட்டாள். அவர் பேப்பரை இறக்காமல், "பஸ் எத்தனை மணிக்குன்னு கேளு" என்றார். இரண்டு சீட்டுக் கார் கீழே தயாராக நிற்கிறது; இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்கப்போவதில்லை.

நீ வர வேண்டாம். பெட்டிகளை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் எனக்கு, பஸ் ஏறவே முடியாதபடி, கடுமையான தலைவலி வரப்போகிறது. வழியெல்லாம் என்ன பேசுவார்களோ, பேசாமலே போய்ச் சேர்வார்களோ என்ற பயத்தில் அது நிஜமாகவே வந்தாலும் வரும். இங்கே இன்னும் ஒருவருக்கும் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.